ஏணியின் உச்சி எப்போது சுவரை விடும்?

10 ஜனவரி 2025, இரவு 8.50 (கேள்வி)

மிஸ், நான் பன்னிரண்டாவது, தமிழ் மீடியம். 17 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கு. அடியை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வெளியே இழுக்கிறோம். அடி சுவரிலிருந்து 8 மீட்டரில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? 8/3 வந்துடுச்சு, விடை சரி. ஆனா அதே சூத்திரத்தில் உயரத்துக்கு 0 போட்டா பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வருது. அப்ப தரையைத் தொடும்போது வேகம் முடிவிலியா? முடிவிலி வேகத்தில் எந்த ஏணியும் விழாது. அப்ப நுண்கணிதம் பொய்தானே? சார்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் பப்ளிக்ல வராது, விடு"ன்னுட்டார்.

10 ஜனவரி, இரவு 10.15

விடாதே தம்பி. இருபத்திரண்டு வருஷமாக ஏணிக் கணக்கு நடத்துகிறேன். உச்சி தரையைத் தொடும்போது என்ன ஆகும் என்று கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரம் அ. உச்சியின் உயரம் உ. அ² + உ² = 289. நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் (அதாவது மாறும் வீதத்தைக் கண்டால்), உச்சி இறங்கும் வேகம் = 5 × அ ÷ உ. அ = 8 என்றால் உ = 15; ஆக 40/15, அதாவது நொடிக்கு 8/3 மீட்டர்.

இதையே கீழே கொண்டுபோவோம். உச்சி தரையிலிருந்து 1 மீட்டரில் இருக்கும்போது வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 85 மீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 10 சென்டிமீட்டரில் 850 மீட்டர். காற்றில் ஒலியே நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். வெள்ளையடிக்க வந்தவர் ஏணியை நழுவவிட்டால் தெருவே இடி விழுந்ததுபோல் அதிர வேண்டும். அப்படி எங்கேயும் நடப்பதில்லை.

வகையிட்டதில் தப்பு இல்லை. நிஜத்தில் கடைசி வரை ஒரே சீராக 5 மீட்டர் வேகத்தில் யாராலும் இழுக்க முடியாது. அங்கேதான் கணக்கு உடைகிறது.

11 ஜனவரி, காலை 6.30

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரியும் தவறு. படுத்தபிறகு தோன்றியது, எழுந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

ஆள் இழுக்க வேண்டாம், ஒரு மோட்டார் இழுக்கட்டும். சீரான 5 மீட்டர் வேகம், கடைசி நொடி வரை. அதில் முடியாதது எதுவும் இல்லை. அப்போதும் முடிவிலி வராது. அ² + உ² = 289 என்று எழுதியபோதே ஒன்றைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டோம்: உச்சி சுவரை ஒட்டியே இருக்கிறது என்று. அதை யார் ஒட்டி வைத்தது? சுவரால் ஏணியை வெளியே தள்ளத்தான் முடியும், தன் பக்கம் இழுத்துப் பிடிக்க முடியாது. பசை போட்டா ஒட்டியிருக்கிறது?

அடி மாறாத வேகத்தில் போவதால், அடியோடு சேர்ந்து நாமும் போவதாக வைத்துக்கொள்ளலாம். அப்போது அடி நிற்கிறது, ஏணி அதைச் சுற்றிச் சாய்கிறது. உச்சி சுவரை விடாமல் இருக்க ஏணிக்கு வேண்டிய கோண முடுக்கம் (சாயும் வேகம் கூடும் வீதம்) வே² × அ ÷ உ³. இதில் வே என்பது அடியின் வேகம். கோணத்தை இரண்டு முறை வகையிட்டால் இது வரும்; ஒரு தாளில் போட்டுப் பார்.

புவியீர்ப்பு தானாகத் தரக்கூடிய கோண முடுக்கம் எவ்வளவு? எடை ஏணியின் நடுவில், அடியிலிருந்து கிடையாக அ/2 தூரத்தில் இருக்கிறது. திருப்பு விசை = நிறை × 9.8 × அ/2; 9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம். நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழல்வதற்கு ஏணி காட்டும் தயக்கம் = நிறை × நீளம்² ÷ 3. வகுத்தால் 3 × 9.8 × அ ÷ (2 × நீளம்²).

ஆரம்பத்தில் புவியீர்ப்பு தருவது வேண்டியதைவிட அதிகம். மிச்சத்தைச் சுவர் தள்ளித் தடுக்கிறது. உச்சி இறங்க இறங்க உ³ சிறுத்து, வேண்டியது எகிறுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் சுவரின் தள்ளு விசை பூஜ்யம். அதற்குக் கீழே உச்சி ஒட்டியிருக்க வேண்டுமானால் சுவர் இழுக்க வேண்டும். சுவரால் முடியாது, விட்டுவிடும்.

இரண்டையும் சமப்படுத்தும்போது அ அடிபட்டுப்போகிறது பார், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது:

உ³ = 2 × வே² × நீளம்² ÷ (3 × 9.8)

வே = 5, நீளம் = 17. உ³ கிட்டத்தட்ட 491. உ = 7.89 மீட்டர்.

உன் ஏணி தரைக்கு ஏறக்குறைய எட்டு மீட்டர் மேலேயே சுவரை விட்டுவிடுகிறது. அப்போது உச்சியின் வேகம் நொடிக்கு சுமார் 9.5 மீட்டர். அதன்பிறகு அது அடியைச் சுற்றி விழும் கழி, அவ்வளவுதான். ஆற்றல் அழியா விதிப்படி போட்டால் தரையைத் தொடும்போது உச்சி சுமார் 18.7 மீட்டர் வேகத்தில் இறங்கும். உன் முடிவிலிக்குப் பதில் 18.7.

உன் 8/3 சரி, ஏனென்றால் அங்கே உயரம் 15 மீட்டர். சுவர் இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

11 ஜனவரி, மதியம்

இதையெல்லாம் பரீட்சையில் எழுதிவிடாதே. சமன்பாடு, வகையிடல், மதிப்புப் பிரதியிடல், அலகு. ஸ்டெப் மார்க் அங்கேதான் இருக்கிறது. உயரம் குறைவதால் −8/3 என்று வரும். "உச்சி நொடிக்கு 8/3 மீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது" என்று ஒரு வாக்கியம் எழுது. குறியைத் தொலைத்துவிட்டு அரை மதிப்பெண்ணுக்கு அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

13 ஜனவரி, போகி, மாலை

செய்து பார்த்துவிட்டேன்!

பரணில் 2 மீட்டர் நீளத்தில் ஒரு மூங்கில் கழி கிடந்தது, ஒட்டடைக் குச்சி கட்டியிருந்தது. அடிமூங்கில் பக்கம் கொஞ்சம் தடிமன். போகிக்குப் பழையதைக் கழிக்கிறேன் என்று அம்மா அதை வாசலில் போட்டிருந்தார், நெருப்புக்குப் போகாமல் எடுத்து வந்தேன். தடித்த முனையை மேலே வைத்து, அதில் நீல சாக்பீஸை நனைத்து அப்பினேன். கீழ்முனையில் கயிறு கட்டி அண்ணன் மகனிடம் கொடுத்தேன். பின்பக்கமாகச் சீராக நடந்தபடி இழுக்கச் சொன்னேன். தரையில் இரண்டடி டைல்ஸ். போனில் வீடியோ எடுத்து, எத்தனை நொடியில் எத்தனை டைல்ஸ் தாண்டினான் என்று எண்ணினால் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்.

சூத்திரம் சொல்வது: உ³ = 2 × 1 × 4 ÷ 29.4, அதாவது உ சுமார் 65 சென்டிமீட்டர்.

சுவரில் நீலக் கோடு மேலிருந்து நேராக இறங்கியது. நடுவில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே கோடு மெலிந்து, ஒரு மயிரிழையாகி, நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் சுவர். டேப் வைத்து அளந்தேன்: 68 சென்டிமீட்டர். மூன்று முறை செய்தோம். 66, 70, 68.

3 சென்டிமீட்டர் வித்தியாசம் சுவரின் சொரசொரப்பால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாக இழுத்தால் கோடு தரை வரைக்கும் வந்துவிடும், சுவரை விடவே விடாது.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒரு தங்கை நேற்றைய என் கடைசி வரியைப் பிடித்துவிட்டாள். சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். "மெதுவாக இழுத்தால் விடவே விடாது" என்பது தவறு. வேகம் எவ்வளவு குறைந்தாலும் உ பூஜ்யமாகாது. நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால் 22 சென்டிமீட்டரில் விடும். எந்த வேகத்திலும் தரைக்கு முன்பே விடும், இடம்தான் தாழும்.

16 ஜனவரி

இதே பாடத்தின் பெட்டிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சேர்த்துவிடுவோம், சின்னதுதான். 12 சென்டிமீட்டர் சதுர அட்டை. நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாப் பெட்டி. எவ்வளவு வெட்டினால் கன அளவு பெருமமாகும்? வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினால் வெட்டும் அளவு 2 அல்லது 6 என்று வரும். ரிவிஷன் டெஸ்டில் பாதிப் பிள்ளைகள் இரண்டையும் எழுதிவிட்டு எது பெருமம் என்று இரண்டாம் வகைக்கெழு போடப் போகிறார்கள். 6 வெட்டினால் அட்டையே மிஞ்சாது. வெட்டும் அளவு 0க்கும் 6க்கும் இடையில் என்று முதல் வரியில் எழுதியிருந்தால் அந்த வேலையே இல்லை. விடை 2, கன அளவு 128.

18 ஜனவரி, இரவு 11

"ஏணி, பெட்டி எல்லாம் பொருள்கள், அதனால் இந்தச் சிக்கல். நிகழ்தகவு சுத்தமான கணக்கு, அங்கே இப்படி விட்டுப்போகிற இடம் கிடையாது" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, அங்கேதான் அதிகம். ஏணி விட்டால் சத்தமாவது கேட்கும்.

பிள்ளைகள் அடிக்கடி செய்வதிலிருந்து தொடங்குகிறேன். பகடையை 4 முறை உருட்டினால் குறைந்தது ஒரு முறை ஆறு விழ நிகழ்தகவு என்ன? 1/6ஐ நான்கு முறை கூட்டி 4/6 என்கிறார்கள். அப்படியானால் 6 முறை உருட்டினால் 1, அதாவது ஆறு நிச்சயம் விழ வேண்டும். தாயக்கட்டை உருட்டித் தாயத்துக்குக் காத்திருந்து காத்திருந்து கை வலித்தவர்களுக்கு அந்த "நிச்சயம்" எவ்வளவு பொய் என்று தெரியும். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைத்தான் கூட்டலாம். முதல் உருட்டில் ஆறு விழுவது இரண்டாம் உருட்டில் ஆறு விழுவதை விலக்காது.

நேர்வழி, எதிர்ப்பக்கம் போவது. ஒரு முறைகூட விழாத நிகழ்தகவு (5/6)⁴. 1 − 625/1296 = 0.5177. பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இதே தடுமாற்றத்தில்தான் 1654இல் பிரான்சில் பாஸ்கல், ஃபெர்மா என்ற கணித அறிஞர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். த மேரே என்ற எழுத்தாளர் பாஸ்கலிடம் கேட்டது: ஒரு பகடைக்கு 4 உருட்டு போட்டால் சாதகம். இரண்டு பகடைக்கு வாய்ப்புகள் 6க்குப் பதில் 36, ஆறு மடங்கு. அப்படியானால் 24 உருட்டில் இரட்டை ஆறுக்கும் சாதகமாகத்தானே இருக்க வேண்டும்? 4க்கு 6 போல 24க்கு 36. விகிதம் ஒன்றுதான், ஆனால் விடை ஒன்றில்லை. 1 − (35/36)²⁴ = 0.4914. பாதிக்குக் கீழே. 25 உருட்டினால்தான் 0.5055 வரும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் போடும்போது பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

19 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். (5/6)ஐ நான்கு முறை பெருக்கியபோதும் சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது: உருட்டுகள் ஒன்றையொன்று சாராதவை. பகடைக்கு நினைவு கிடையாது, அதனால் சரி. மனிதர்களிடம் அப்படிப் பெருக்கக் கூடாது.

1999இல் இங்கிலாந்தில் ஒரு தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளையும் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்றார். காரணம் தெரியாத திடீர்ச் சாவு அப்படிப்பட்ட குடும்பத்தில் 8,543 குழந்தைகளில் ஒன்றுக்கு நேரும், இரண்டுக்கும் நேர 8,543ஐ 8,543ஆல் பெருக்க வேண்டும், ஆகவே 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் நீதிமன்றத்தில் சொன்னார். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணு. முதல் சாவுக்கு உடலில் ஏதாவது காரணம் இருந்திருந்தால் அது இரண்டாவதிலும் இருக்கலாம். பெருக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. 2001இல் அந்நாட்டின் ராயல் புள்ளியியல் கழகம் இதை வெளிப்படையாக மறுத்தது. 2003இல் தண்டனை ரத்தானது. அதுவரை அந்தத் தாய் சிறையில் இருந்தார்.

இதைச் சொல்லாமல் "சார்பிலா நிகழ்ச்சிகள்" பாடத்தை நான் முடிப்பதில்லை. ஒரு வரிச் சூத்திரம்தான், ஆனால் அதைத் தப்பாகப் பெருக்கினால் ஒரு மனுஷி உள்ளே போய்விடுகிறாள்.

22 ஜனவரி

பிறந்தநாள் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். 23 பேர் இருந்தால் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர நிகழ்தகவு 50.7 சதவீதம். 40 பேர் என்றால் 89 சதவீதம். இதுவும் எதிர்ப்பக்கம் போகிற கணக்குதான்: 365/365 × 364/365 × 363/365 என்று பெருக்கிக்கொண்டே போய், 1லிருந்து கழிக்க வேண்டும். என் பேட்ச்களில் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன். 40 பேர் பேட்சில் ஜோடி கிடைக்காமல் போனது அபூர்வம். கிடைத்ததும் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை இருக்கிறதே!

365 நாளும் சம வாய்ப்பு என்பது இங்கே சொல்லாமல் எடுத்துக்கொண்டது. என் அப்பா தலைமுறையில் அது நிற்காது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1. பாட்டி சொல்வது ஐப்பசி, அடைமழை, மருத்துவச்சி வாய்க்காலைத் தாண்டி வர முடியாமல் நின்றாள் என்று. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயது பொருந்துகிறமாதிரி ஒரு தேதி போட்டிருக்கிறார். அப்பாவின் வகுப்புத் தோழர்கள் ஐந்தாறு பேருக்கும் மே, ஜூன்தான். எங்கள் வீட்டில் அப்பாவின் பிறந்தநாளைக் கொண்டாடியதே இல்லை, எதைக் கொண்டாடுவது?

இப்படிச் சில நாட்களில் கூட்டம் சேர்ந்தால் ஒரே நாள் அமைகிற நிகழ்தகவு கூடத்தான் செய்யும், குறையாது. சம வாய்ப்புதான் மிகக் குறைந்த மதிப்பைத் தருவது. அதனால் அப்பாவின் தோழர்கள் 23 பேரைக் கூட்டினால் 50.7ஐவிட அதிகமாகவே வரும்.

25 ஜனவரி

ஒரு அம்மா கேட்கிறார்: "பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரிக்கு எண்ணிக்கையால் வகுத்தோம். மகள் கல்லூரியில் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறாள். எது சரி? ஏன் ஒன்று? ஏன் இரண்டு இல்லை?"

அக்கா, இரண்டும் சரி, கேள்வி வேறு வேறு. விலக்க வர்க்கச் சராசரி என்பது எண்கள் தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை வர்க்கமாக்கி எடுக்கும் சராசரி. கையில் இருப்பதே மொத்தமும் என்றால் எண்ணிக்கையால் வகுக்கலாம். கையில் இருப்பது ஒரு பிடி, அதை வைத்துக் கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் ஒன்று குறைய வேண்டும். சூத்திரத்தைச் சொல்லி நம்பச் சொல்ல மாட்டேன், கையாலேயே செய்துவிடலாம்.

கூடையில் 1, 2, 3 என்று மூன்று சீட்டு. சராசரி 2. விலக்க வர்க்கச் சராசரி (1 + 0 + 1)/3 = 2/3. இது கூடையின் உண்மை.

இப்போது கூடையைப் பார்க்காத ஒருவர் இரண்டு சீட்டு எடுக்கிறார். மொத்தம் 9 வழி. மூன்று வழியில் இரண்டும் ஒரே எண்: விலக்க வர்க்கச் சராசரி 0. நான்கு வழியில் வித்தியாசம் 1: எண்ணிக்கையால், அதாவது 2ஆல் வகுத்தால் 1/4. இரண்டு வழியில் வித்தியாசம் 2: வகுத்தால் 1. ஒன்பதையும் கூட்டி 9ஆல் வகுத்தால் (0 + 1 + 2)/9 = 1/3. உண்மையில் பாதிதான் வருகிறது! ஒன்று குறைத்து, 2க்குப் பதில் 1ஆல் வகுத்தால் எல்லாம் இரட்டிப்பாகும்: 2/3. அப்படியே கூடையின் உண்மை.

ஏன் குறைகிறது? எடுத்த இரண்டு சீட்டின் விலகலை அந்த இரண்டின் சராசரியிலிருந்தே அளக்கிறோம், கூடையின் சராசரியிலிருந்து அளக்கவில்லை. எடுத்த சீட்டுகள் தங்கள் சொந்தச் சராசரிக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். அந்த நெருக்கத்தை ஈடுகட்டத்தான் ஒன்று.

26 ஜனவரி

அந்த அம்மாவே சீட்டு எழுதிப் போட்டுப் பார்த்திருக்கிறார். "எனக்கு 2/3 வரலை, 1 வருதே" என்கிறார். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் எடுத்த சீட்டைத் திருப்பிப் போடாமல் அடுத்ததை எடுத்திருக்கிறார். அப்போது மூன்று ஜோடிதான்: 1-2, 2-3, 1-3. ஒன்று குறைத்து வகுத்தால் 1/2, 1/2, 2. சராசரி 1. அவர் போட்டது சரி. எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்தது எடுக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. 9 வழி என்றேனே, அது திருப்பிப் போட்டால்தான் வரும்.

தம்பி தங்கைகளே, புக் பேக் கணக்கில் "திருப்பி வைக்காமல்" என்ற இரண்டு சொல்லைக் கண்டால் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் நிகழ்தகவு மாறாது என்று எடுத்துக்கொள்ளும் ஈருறுப்புப் பரவல் அந்த இடத்தில் சுவரை விட்டுவிடும்.

29 ஜனவரி, இரவு

பேயஸ் தேற்றம்: புதிதாக ஒரு தகவல் கிடைத்தபின் நிகழ்தகவை எப்படித் திருத்துவது என்று சொல்வது. பதினொன்றாவது பாடம், ஆனாலும் இங்கே எழுதுகிறேன். தாமஸ் பேயஸ் 1761இல் இறந்த பிறகு, நண்பர் ரிச்சர்ட் பிரைஸ்தான் 1763இல் இதை வெளிக்கொண்டு வந்தார்.

ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய். இருப்பவர்களில் 99 சதவீதத்தைச் சரியாகக் காட்டும் சோதனை. இல்லாதவர்களில் 1 சதவீதத்தை இருக்கிறது என்று தப்பாகக் காட்டும். முடிவு பாசிட்டிவ். நோய் இருக்க நிகழ்தகவு? வகுப்பில் எல்லோரும் 99 என்பார்கள். லட்சம் பேரை எடுங்கள். நோய் உள்ளவர் 100, அதில் 99 பேர் பாசிட்டிவ். இல்லாதவர் 99,900, அதில் 999 பேர் பாசிட்டிவ். மொத்தம் 1,098 பேரில் 99 பேருக்குத்தான் நோய். 9 சதவீதம்.

என் அக்காவுக்கு ஒரு சோதனை இப்படித்தான் வந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை. பொதுப் பரிசோதனைக்குப் போனவள். பரிசோதனைக் கூடத்தில் தாளை நீட்டினார்களே தவிர மறு சோதனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு அவளிடம் காட்டினேன். அவள் கணக்கைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். வேறு சோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை.

30 ஜனவரி

மருத்துவர் ஒருவர் எழுதியிருப்பது முக்கியமானது. நேற்றைய கணக்கைப் படித்துவிட்டு யாரும் பாசிட்டிவ் முடிவை ஒதுக்கிவிடக் கூடாது என்கிறார். உண்மை. ஆயிரத்தில் ஒருவர் என்பது எந்த அறிகுறியும் இல்லாமல் வருகிறவர்களுக்கு. அறிகுறியோடு வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு நோய் என்று வையுங்கள். லட்சத்தில் 10,000 பேருக்கு நோய், 9,900 பாசிட்டிவ். மீதி 90,000இல் 900 பாசிட்டிவ். 10,800இல் 9,900, அதாவது 92 சதவீதம். சோதனை அதே சோதனை. 9ம் 92ம் யார் வந்து நிற்கிறார் என்பதில் இருக்கிறது. நேற்றே இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

2 பிப்ரவரி

ஏணித் தம்பி திரும்ப வந்திருக்கிறான். ரிவிஷன் டெஸ்ட் முடிந்ததாம். "மிஸ், 13ஆம் தேதி 3 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குச் சுவரின் சொரசொரப்பு காரணம்னீங்க. உராய்வைச் சேர்த்துப் போட்டேன், விடை மாறவே மாட்டேங்குது. எங்க தப்பு?"

உன்னிடம் தப்பே இல்லை, நான் சொன்ன காரணம்தான் தப்பு. உராய்வு விசை சுவரின் தள்ளு விசையோடு ஒரு குணகத்தைப் பெருக்கினால் வருவது. உச்சி சுவரை விடும் இடத்தில் தள்ளு விசை பூஜ்யம். உராய்வும் அங்கே பூஜ்யம். அடி சீரான வேகத்தில் போகும்வரை, வழவழச் சுவரானாலும் சொரசொரச் சுவரானாலும் விடும் உயரம் ஒன்றுதான். இழுக்கிறவனுக்குக் கை வலிப்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் 3 சென்டிமீட்டர் எங்கிருந்து? சூத்திரத்தில் எடை நடுவில் என்று எடுத்தோம். நான் தடித்த முனையை மேலே வைத்திருந்தேன். எடை மேலே ஏறினால் விடும் உயரமும் ஏறும். மொத்த எடையும் உச்சியிலேயே இருந்தால் 2/3 இருந்த இடத்தில் 1 வரும், உயரம் 14 சதவீதம் கூடும். மூங்கிலுக்கு அவ்வளவு வராது, கொஞ்சம் வரும்.

இன்று மாலை கழியைத் திருப்பி, மெல்லிய முனையை மேலே வைத்து இழுத்தோம். அண்ணன் மகன் இப்போது நன்றாகப் பழகிவிட்டான், வேகம் அதே 1 மீட்டர். பழைய கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் புதுக் கோடு இறங்கியது. பழையது 68இல் நிற்கிறது. புதியது 62.

கழி நெடுக ஒரே தடிமனாக இருந்தால் 65.